ஐயாயிரம் ருப்பியாவுக்குள் ஒரு மேடை: ஜகார்த்தாவின் சித்தாயம் ஃபேஷன் வீக்

2022ஆம் ஆண்டின் நடுவில் கிளம்பி, ஜூலை முடிவதற்குள் கலைக்கப்பட்ட கூத்து இது. ஜகார்த்தாவின் மையத்தில் டூக்கூ ஆத்தாஸ் என்ற ரயில் சந்திப்பு இருக்கிறது. அதை ஒட்டிய தஞ்சுங் காராங் சாலையில், பாதசாரிகள் கடப்பதற்காகப் போட்ட வரிக்குதிரைக் கோடுகளின் மேல் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் விதவிதமாக உடுத்திக்கொண்டு நடந்தார்கள். எதிரே நின்றவர்கள் அதைக் கைப்பேசியில் பிடித்து டிக்டாக்கில் ஏற்றினார்கள். நடந்தவர்களில் பெரும்பாலோர் தெற்குப் புறநகர்களான சித்தாயம், போஜோங் கெடே, டெப்போக் பகுதிகளிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். யாரோ இதற்குச் ‘சித்தாயம் ஃபேஷன் வீக்’ என்று விளையாட்டாகப் பேர் வைக்க, அது ஒட்டிக்கொண்டது. நடந்த இடம் சித்தாயமும் இல்லை, நடந்தது ஒரு வாரமும் இல்லை. அமைப்பாளர் என்று கைகாட்ட ஒருவரும் கிடையாது.

அப்போது வெளிவந்த செய்திகளில் பாதி உடையைப் பற்றியவை. மீதி, இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்ற கவலை. இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு ரயில் கட்டணத்திலிருந்தும் நடைபாதையிலிருந்தும் தொடங்கினால்தான் இது ஏன் அங்கே நடந்தது, ஏன் நிலைக்கவில்லை என்பது பிடிபடும்.

இடம்

டூக்கூ ஆத்தாஸை ஒட்டிப் போகும் சுதிர்மான் பெருஞ்சாலை ஜகார்த்தாவின் வங்கிகளும் தலைமை அலுவலகங்களும் வரிசைகட்டி நிற்கும் தெரு. அதன் நடைபாதைகள் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு முன்பு அகலமாக்கப்பட்டன. 2019 மார்ச் 24 அன்று நகரின் முதல் மெட்ரோ வழித்தடம் திறக்கப்பட்டது. டூக்கூ ஆத்தாஸில் மெட்ரோ, புறநகர் ரயிலின் சுதிர்மான் நிலையம், விமான நிலைய ரயில், நகரப் பேருந்து எல்லாம் கூப்பிடு தூரத்தில் அமைந்தன. இவற்றுக்கு இடையே நடந்து மாற வசதியாக, ரயில் பாதைக்கு அடியில் போகும் கெண்டல் சாலைச் சுரங்கப்பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சுவரோவியம் தீட்டி, நடப்பவர்களுக்கென்று விட்டார்கள்.

நகரத் திட்டமிடுபவர்கள் இதை ‘ரயில் மாறும் இடம்’ என்று நினைத்துக் கட்டினார்கள். பிள்ளைகளுக்கு அது வேறாகத் தெரிந்தது. உட்காரப் படிக்கட்டு, மேலே நிழல், பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள், வாசலில் பை சோதிக்கும் காவலாளி இல்லை, எதையும் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடைசி இரண்டும் ஜகார்த்தாவில் அபூர்வம். இந்த நகரத்தில் கூடிப் பேச வேண்டுமென்றால் வணிக வளாகம், அல்லது காப்பிக் கடை. (கடையை அங்கே ‘கெடாய்’ என்பார்கள். நம் சொல்தான், கப்பலேறிப் போனது.) பனைவெல்லம் போட்ட ஐஸ் பால்காப்பி ஒரு கோப்பை 18,000 ருப்பியா வாக்கில் விற்கும்போது, நாலு பேர் சேர்ந்து மூன்று மணி நேரம் உட்கார்வது ஒரு பள்ளி மாணவனுக்குக் கட்டுப்படியாகாது. அதே இடத்தில் சைக்கிளில் வெந்நீர்க் குடுவையைக் கட்டிக்கொண்டு பொட்டலக் காப்பி விற்பவர்கள் சுற்றுவார்கள். ‘நடமாடும் ஸ்டார்பக்ஸ்’ என்பதைச் சுருக்கி ‘ஸ்டார்லிங்’ என்று ஊரே அவர்களைக் கேலியாகவும் செல்லமாகவும் அழைக்கிறது. சித்தாயம் ஃபேஷன் வீக்கின் சிற்றுண்டிச்சாலை அவர்கள்தான்.

வேலையில்லாமல் கூடி உட்கார்ந்து அரட்டை அடிப்பதற்கு இந்தோனேசியப் பேச்சில் ‘நோங்க்ரோங்’ என்று ஒரு சொல். வெட்டிப் பொழுது என்ற இளக்காரம் அதில் கொஞ்சம் உண்டு, ஆனால் அதை யாரும் தவறாகக் கருதுவதில்லை. இங்கே முதலில் நடந்தது வெறும் நோங்க்ரோங். நடை பிறகு வந்தது.

ரயில்

மின்சாரப் புறநகர் ரயிலில் முதல் 25 கிலோமீட்டருக்கு 3,000 ருப்பியா, அதற்கு மேல் ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் 1,000. சித்தாயத்திலிருந்து சுதிர்மான் முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஆக ஒரு வழிக்கு 4,000. இன்னும் தெற்கே ஏறினால் 5,000. அன்றைய மாற்று மதிப்பில் இந்தியப் பணத்துக்கு இருபதிலிருந்து இருபத்தேழு ரூபாய். போக, வர, ஒரு காப்பி என்று 20,000 ருப்பியாவுக்குள் ஒரு நாள் முடிந்துவிடும்.

பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனால் அந்த ஆண்டு ஒரு சிக்கல் சேர்ந்துகொண்டது. 2022 மே 28 அன்று மங்கராய் நிலையத்தில் தண்டவாளப் பிரிப்புப் பணிக்காக வழித்தடங்கள் மாற்றப்பட்டன. அதுவரை, சித்தாயம் வழியாக வரும் போகோர் வழித்தடத்தின் ஒரு பகுதி ரயில்கள் சுதிர்மானுக்கு நேராகவே போய்க்கொண்டிருந்தன. மாற்றத்துக்குப் பிறகு எல்லாம் ஜகார்த்தா கோத்தா என்ற வேறொரு நிலையத்துக்கே திருப்பப்பட்டன. சுதிர்மானுக்குப் போக வேண்டியவர் மங்கராயில் இறங்கி, நடைமேடை மாறி, வேறு வண்டியில் ஒரே ஒரு நிலையம் போக வேண்டும். அலுவலகக் கூட்ட நேரத்தில் அந்த மாற்றம் நெருக்கியடிக்கும் வேலை.

போகும்போது இது தொல்லை மட்டும். திரும்பும்போது இரவைத் தீர்மானிப்பதே இதுதான். கடைசி வண்டிகள் நள்ளிரவை ஒட்டி ஓடும். ஆனால் சுதிர்மானில் பிடிக்கும் வண்டி மங்கராயில் போகோர் வண்டியோடு பொருந்த வேண்டும். ஒன்று பிந்தினால் மற்றது போய்விடும். நடைபாதையிலும் கடை வாசல்களிலும் பிள்ளைகள் படுத்துறங்கும் படங்கள் ஜூலையில் பரவி, ‘ஒழுக்கக் கேடு’ என்று பேச்சு எழுந்தது. அவர்களில் பலர் கடைசி வண்டியைத் தவறவிட்டவர்கள். வாடகை இருசக்கர வண்டியில் முப்பது கிலோமீட்டர் போக ஆகும் பணம், அவர்கள் நாள் முழுக்கச் செலவழித்ததைப் போலப் பல மடங்கு. விடியும்வரை காத்திருந்தால் 4,000தான். அதனால் அங்கேயே தூங்கினார்கள்.

உடை எங்கிருந்து வந்தது

அளவுக்கு மிஞ்சிப் பெரிய கோட்டு, பை பையாக வைத்துத் தைத்த கால்சட்டை, வாளித் தொப்பி, தடித்த அடிப்பாகம் கொண்ட காலணி, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட மேலாடைகள். பத்திரிகைகள் உடனே, இளைஞர்களின் தெருவோர உடைப் பாணிக்குப் பேர்போன தோக்கியோவின் ஹராஜுக்குவோடு இதை ஒப்பிட்டன. ஒப்பீடு அரைகுறை. ஹராஜுக்குவில் உடையைத் தைப்பது, சேர்ப்பது என்று நாட்பட்ட ஈடுபாடு உண்டு. இங்கே பலர் அண்ணன் கோட்டையும் தோழியின் காலணியையும் இரவல் வாங்கி வந்தவர்கள். மீதி இரண்டு வழிகளில் வந்தது.

ஒன்று ‘கே-வே’. நெதர்லாந்துக்காரர்கள் விட்டுப்போன ‘தரம்’ என்ற சொல்லின் சுருக்கம், இன்று நேர் எதிராகப் போலிச் சரக்கைக் குறிக்கிறது. இன்னொன்று பழைய துணி. ஜகார்த்தாவில் இதற்குப் பேர்போன இடம் பசார் செனென் சந்தை. மக்காசாரில் இதே துணிக்குச் ‘சக்கார்’, யோக்யகர்த்தாவில் ‘ஆவுல்-ஆவுல்’, மேடானில் ‘மொன்சா’ என்று ஊருக்கொரு பேர். வெளிநாட்டிலிருந்து அழுத்திக் கட்டிய மூட்டைகளாக வரும். அதை ‘பால்’ என்பார்கள். வாங்கும் வியாபாரிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்கும்வரை தெரியாது, ஏறத்தாழ லாட்டரிதான். பிரித்ததும் நல்லதை முதலில் பொறுக்கி மாட்டுவார்கள், மிச்சத்தைக் குவியலாகக் கொட்டுவார்கள். குவியலில் 10,000, 20,000 ருப்பியாவுக்கே ஒரு சட்டை கிடைக்கும்.

குவியலில் பொறுக்கத் தெரிந்தவர்கள் அடையாளச் சீட்டைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். முதலில் அக்குள், கழுத்துப்பட்டி, மணிக்கட்டு: வியர்வைக் கறை ஏறிய துணி எத்தனை முறை துவைத்தாலும் சூடுபட்டதும் மணக்கும். அடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது: பூச்சி அரித்த ஊசித்துளைகள் கண்ணில் படும். ஜிப்பை இரண்டு முறை ஏற்றி இறக்குவது, ஏனென்றால் ஜிப் மாற்றும் கூலி சட்டை விலையைத் தாண்டிவிடும். வீட்டுக்கு வந்ததும் மற்றத் துணியோடு சேர்க்காமல் வெந்நீரில் சோப்புத்தூளோடு ஊறவைத்து, இரண்டு முறை துவைத்து, நேர் வெயிலில் காயப்போட வேண்டும். மூட்டையில் மாதக்கணக்கில் அழுந்திக் கிடந்த பூஞ்சை, அலசி எடுத்தால் மட்டும் போகாது. கம்பளிக் கோட்டில்தான் தவறு அதிகம் நடக்கும். அதை வெந்நீரில் போட்டால் சுருங்கிவிடும், போடாவிட்டால் நாற்றம் நிற்கும். பெருங்கோட்டு வாங்கியவன் சிறுகோட்டோடு வந்து நிற்பது அப்படித்தான்.

நடையும் படமும்

மாலை நாலு மணிக்கு மேல் கூட்டம் சேரும். ஜூலையில் ஜகார்த்தாவில் பொழுது ஆறு மணிக்குள் சாய்ந்துவிடும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் கண்ணாடிக் கட்டடங்களில் பட்டுத் திரும்பும் மென்வெளிச்சம் கிடைக்கும் நேரம். நாலைந்து பேர் கொண்ட குழுவில் யாரிடம் நல்ல கேமரா உள்ள கைப்பேசி இருக்கிறதோ, படப்பிடிப்பு அவர் பொறுப்பு. வண்டி நிற்கும் இடைவெளியில் ஒருவர் நடப்பார், படம்பிடிப்பவர் பின்னோக்கி நகர்ந்தபடி செங்குத்தாகப் பிடிப்பார். நடுவில் ஒரு நிறுத்தம், ஒரு திரும்பல், அவ்வளவுதான்.

வரிக்குதிரைக் கோடுகளைத் தேர்ந்தெடுத்தது வெறும் பகட்டுக்காக இல்லை. கறுப்பு-வெள்ளைப் பட்டை கைப்பேசித் திரையில் உடையின் நிறத்தை எடுத்துக் காட்டும். நடக்கும் நீளம் சிறிய காணொளிக்குச் சரியாகப் பொருந்தும். நடந்து முடித்தால் தானாகவே அடுத்த ஆளுக்கு இடம் விடுபடும். ஒலிபெருக்கியோ மேடையோ தேவைப்படவில்லை. ஆனால் இதிலேயே கோளாறும் இருந்தது. நடப்பவர் ஒருவர், பார்ப்பவர் பத்துப் பேர் என்றிருந்தவரை சாலை தாங்கியது. பார்ப்பவர் நூற்றுக்கணக்கில் ஆனதும், எதிர்ப்புறம் நிற்பவர்கள் வண்டி ஓடும் சாலையில் இறங்கினார்கள். வண்டி நிற்கும் இடைவெளி, வண்டியை நிறுத்தும் வேலையாக மாறியது.

இரண்டாவது வகைக் காணொளி நேர்காணல். ‘உன் உடுப்பின் மொத்த விலை எவ்வளவு?’ என்ற கேள்வி இந்தோனேசிய இணையத்துக்குப் பழசு. 2018இல் ஜகார்த்தாவின் காலணி விழா ஒன்றில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளிடம் அதே கேள்வி கேட்கப்பட்டு, கோடிக்கணக்கான ருப்பியாவில் பதில் வந்து பரவியது. 2022இல் அதே கேள்வி, பதில் மட்டும் சில பத்தாயிரங்களில். கேட்டவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த காணொளிக்காரர்கள். யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. இந்த நேர்காணல்கள் வழியாகத்தான் ‘போங்கே’, ‘ஜேஜே ஸ்லெபேவ்’ போன்ற பட்டப்பெயர்கள் நாடு முழுக்கத் தெரிந்தன. பேசியவர்களுக்குப் புகழ், பதிவேற்றியவர்களுக்கு விளம்பர வருவாய் என்று ஆரம்பப் பங்கீடு. பின்னர் முன்னணி முகங்கள் தொலைக்காட்சிக்கும் விளம்பரங்களுக்கும் போனார்கள், மற்றவர்களுக்கு ரயில் கட்டணம்தான் மிச்சம்.

ஒரு சுருக்கெழுத்து இடம் மாறியது

தெற்கு ஜகார்த்தாவில் 45 ஹெக்டேரில் ‘எஸ்-சி-பி-டி’ என்ற வணிக நகரியம் இருக்கிறது. விரிவாக்கம் ‘சுதிர்மான் மைய வணிக மாவட்டம்’. அங்கே வேலை பார்ப்பது, கழுத்தில் அடையாள அட்டை தொங்குவது, பாதி ஆங்கிலம் கலந்து பேசுவது எல்லாம் ஒரு தலைமுறைக்கு அந்தஸ்தின் இலக்கணம். பிள்ளைகளோ அவர்களைப் பற்றி எழுதியவர்களோ அதே நாலெழுத்துக்குச் ‘சுதிர்மான், சித்தாயம், போஜோங் கெடே, டெப்போக்’ என்று புது விரிவு சொன்னார்கள். ஓர் ஊர்ப்பேரைக் கேலியாக்குவதற்குப் பதில், மேட்டிமையான பேரை ஊருக்குக் கூட்டி வந்துவிட்ட சாமர்த்தியம்.

இதற்கு எதிராக ஏளனச் சொற்களும் வந்தன. ‘கம்புங்கான்’ என்றால் பட்டிக்காட்டுத்தனம், ‘ஆலாய்’ என்றால் மட்டரகமான பகட்டு, ‘ஜாமெட்’ என்பது அதைவிடக் கடுமையான வர்க்க இழிசொல். நகரின் நடுவில் நடப்பதற்குத் தகுதி யாருக்கு என்ற சண்டை, உடை ரசனை பற்றிய சண்டைபோல நடந்தது.

பெரியவர்கள் வந்தார்கள்

அன்றைய ஜகார்த்தா ஆளுநர் அனீஸ் பஸ்வேடான் இதைத் தடுக்கவில்லை. பொது இடம் எல்லோருக்கும் என்பது அவர் காட்டிக்கொள்ள விரும்பிய அரசியல், டூக்கூ ஆத்தாஸ் அதற்கு நல்ல காட்சி. ஐரோப்பிய முதலீட்டு வங்கியிலிருந்து வந்த விருந்தினர்களை அழைத்து வந்து அவர்களோடு வரிக்குதிரைக் கோடுகளின் மேல் நடந்தார். அன்றைய மேற்கு ஜாவா ஆளுநர் ரித்வான் காமிலும் வந்தார். பிள்ளைகள் பெரும்பாலும் அவர் மாநிலத்துக்காரர்கள். தன் ஊர்ப் பிள்ளைகள் உட்கார ஏன் ஜகார்த்தாவுக்கு ரயிலேறுகிறார்கள் என்ற கேள்வி அவரை நோக்கியே எழுந்திருக்க வேண்டும், யாரும் அழுத்திக் கேட்கவில்லை. விதிகளை மீறாதவரை தடுக்க வேண்டாம் என்ற தொனியில் அன்றைய அதிபர் ஜோக்கோ விடோடோவும் பேசினார். அன்றைய சுற்றுலா அமைச்சர் சந்தியாகா ஊனோ கல்வி உதவி தருவதாகச் சொன்னார். ஒரு பையன், காணொளி போடுவதே தேவலை என்று மறுத்தது பெரும் செய்தியானது.

ஒவ்வொரு வருகையும் கூட்டத்தைப் பெருக்கியது. விளம்பர மாடல்கள் வந்தார்கள், நடிகர்கள் வந்தார்கள், குடும்பத்தோடு வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஒரு கட்டத்தில் சித்தாயத்துப் பிள்ளைகள் நடக்க முறை கிடைக்காமல் ஓரத்தில் நின்றார்கள்.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையின் சட்டப் பாடம். ஜூலை 20 அன்று நடிகர் பாயிம் வோங்கின் நிறுவனம் ‘சித்தாயம் ஃபேஷன் வீக்’ என்ற பேரை வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பித்தது. மறுநாள் இன்னொருவரும் விண்ணப்பித்தார். கேளிக்கைச் சேவைகள் அடங்கும் 41ஆம் வகுப்பு. இந்தோனேசியாவின் 2016ஆம் ஆண்டு 20ஆம் எண் சட்டப்படி, பயன்படுத்தியவருக்கு அல்ல, முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 18,00,000 ருப்பியா, சிறுதொழில் என்று சான்று காட்டினால் 5,00,000. பிள்ளைகள் பக்கத்தில் விண்ணப்பிக்க ஒரு சங்கமோ நிறுவனமோ இல்லை, பதினெட்டு நிரம்பாதவர்கள் பலர். அமைப்பாளர் இல்லாததுதான் அதன் அழகு என்று அதுவரை எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு, அமைப்பாளர் இல்லாத பேர் கேட்பாரற்ற சொத்து என்பது அன்று உறைத்தது.

ஆனால் சட்டத்தில் தடுப்பும் உண்டு. விண்ணப்பம் வந்ததும் இரண்டு மாதம் பொதுப்பார்வைக்கு வைக்கப்படும், அதற்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். தீய நோக்கத்தோடு கொடுத்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. அதுவரை போகத் தேவைப்படவில்லை. இணையம் கொந்தளித்தது, ரித்வான் காமில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும்படி வெளிப்படையாக எழுதினார், ஒரு வாரத்துக்குள் பாயிம் வோங் விலகிக்கொண்டார்.

எப்படி மூடினார்கள்

பேர் காப்பாற்றப்பட்ட அதே வாரத்தில் இடம் பறிபோனது. சாலையின் பயனுக்கு இடையூறு செய்வதைத் தடுக்கும் 2009ஆம் ஆண்டு 22ஆம் எண் போக்குவரத்துச் சட்டம் காவல்துறை கையில் இருந்தது. முதலில் இரவு பத்து மணிக்குக் கலைய வேண்டும் என்றார்கள். பிறகு வரிக்குதிரைக் கோடுகளின் மேல் அப்படி நடப்பதற்கே தடை வந்தது. ஜூலை கடைசி வாரத்தில் காவலர்களும், ‘சத்போல் பே-பே’ எனப்படும் நகர ஒழுங்குப் படையினரும் நின்று, கடப்பவர்களை ‘நிற்காமல் போங்கள்’ என்று நகர்த்தினார்கள்.

காரணங்கள் பொய்யில்லை. குப்பை உண்மை. நடைபாதையை வண்டி நிறுத்தமாக்கி வசூலித்தவர்கள் உண்மை. அலுவலகம் விட்டு நிலையத்துக்கு நடப்பவர் கூட்டத்தைப் பிளந்து போக வேண்டியிருந்ததும் உண்மை. ஆனால் இவற்றில் எதுவும் நடையால் வந்ததில்லை, வேடிக்கைக் கூட்டத்தால் வந்தது. கூட்டத்தை வரவழைத்ததில் அரசுக்காரர்களுக்கும் பங்கு உண்டு. நகராட்சி குப்பைத் தொட்டி, கழிவறை, வண்டி நிறுத்தத் தடை ஆகியவற்றைக் கூட்டம் வளர்ந்த வேகத்துக்குக் கூட்டவில்லை. மாற்று இடங்களாகச் சொல்லப்பட்டவை எவற்றிலும் மூன்றும் சேர்ந்து அமையவில்லை: வாசலில் ரயில், பின்னணியில் கோபுரம், நுழைய இலவசம். ஒன்று குறைந்தாலும் பிள்ளைகள் போகமாட்டார்கள்.

கையிலேயே ஒரு கருவி இருந்தது என்பதுதான் வியப்பு. ஞாயிறு காலைகளில் சுதிர்மான்-தாம்ரின் சாலையில் வண்டிகளை நிறுத்தி மக்களுக்கு விடும் வழக்கம் ஜகார்த்தாவில் வெகு நாளாக உண்டு. பெருந்தொற்றில் நின்றிருந்த அது 2022 மே மாதம்தான் மீண்டும் தொடங்கியிருந்தது. அவ்வளவு பெரிய சாலையையே மூடத் தெரிந்த நகரம், தஞ்சுங் காராங் போன்ற ஒரு சிறு சாலையை வார இறுதியில் மாலை நாலிலிருந்து எட்டு வரை மூடியிருக்கலாம். எட்டு என்று வைத்தால் மங்கராயில் வண்டி மாறவும் நேரம் இருக்கும், தெருவில் தூங்கும் பிரச்சினையும் பாதி தீர்ந்திருக்கும்.

பிறகு

சுராபாயாவின் துஞ்சுங்கான் சாலையிலும், மாலாங்கின் காயுதாங்கானிலும், வேறு நகரங்களிலும் அதே பாணியில் வரிக்குதிரைக் கோட்டு நடைகள் கிளம்பின. அவை சீக்கிரமே ஓய்ந்தன. நகரங்களுக்கு இப்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது, ஒழுங்குப் படை முதல் நாளே வந்தது. தவிர, அங்கே நடந்தவர்கள் ஒரு காணொளியைப் பார்த்து நடந்தவர்கள். நோங்க்ரோங் உட்கார்ந்து தேய்த்த படிக்கட்டு அவர்களுக்கு இல்லை.

உடைக்கும் ஒரு பின்கதை உண்டு. பழைய துணி இறக்குமதி இந்தோனேசியாவில் 2015 முதலே வணிக அமைச்சக ஆணையால் தடை செய்யப்பட்டது. தெரிந்தும் தெரியாமலும் சந்தை ஓடியது. 2022இல் அதே துணியைப் போட்டவர்களோடு ஆளுநர்கள் நடந்தார்கள். 2023 மார்ச்சில், அது உள்நாட்டு நெசவுத் தொழிலைக் கெடுக்கிறது என்று அதிபர் சொன்னார். அன்றைய வணிக அமைச்சர் சுல்கிஃப்லி ஹசான் முன்னிலையில் பெக்கான்பாருவில் மூட்டைகள் கொளுத்தப்பட்டன. பசார் செனென் கடைகள் சில நாள் கதவடைத்தன. வியாபாரிகள் கூச்சலிட்ட பிறகு, கைவசம் உள்ளதை விற்றுத் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. கடைகள் திறந்தன, குவியல்கள் மறுபடி தரையில் கொட்டப்பட்டன.